தீவகத்தில் முதல் வீடு: கடனுக்கு முன் உறுதியைப் பாருங்கள்

தீவகத்தில் பெண்ணுக்கு வீடு சீதனமாக வருவதே நீண்டகால வழக்கம். அதனால் வீடு வாங்கும் கணக்கைத் தம்பதியர் தாமே போடவேண்டிய தேவை முன்னைய தலைமுறைக்குப் பெரிதாக இருந்ததில்லை. போரும் இடம்பெயர்வும் அந்த ஒழுங்கைக் குலைத்துவிட்டன. இன்று வேலணையிலோ ஊர்காவற்றுறையிலோ மாதச் சம்பளத்தை நம்பி வீடு வாங்க முனைவோர், வங்கியின் படியேறுமுன் சிலவற்றை அறிந்திருத்தல் நன்று.

60 இலட்சம் ரூபா பெறுமதியான வீட்டுக்கு 40 இலட்சம் கடன் எடுப்பதாகக் கொள்வோம். 12 வீத வட்டியில் 15 ஆண்டுகளுக்கு மாதத் தவணை ஏறத்தாழ 48,000 ரூபா. வட்டி 16 வீதமானால் அது 58,700 ரூபாவைத் தாண்டும். இது வீண் அச்சமன்று. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. மாறும் வட்டிக் கடனா, நிலையான வட்டிக் கடனா என்பதை முதலில் கேட்டறிய வேண்டும். முத்திரைத் தீர்வை முதல் ஓர் இலட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம். மேற்படி வீட்டுக்கு 2,39,000 ரூபா. நொத்தாரிசு கட்டணம் வேறு. நெடுந்தீவு, நயினாதீவு என்றால் திருத்த வேலைக்கான சீமெந்தும் கம்பியும் குறிகட்டுவானிலிருந்து படகேற வேண்டும். அந்தச் செலவுக்கும் பணம் ஒதுக்காதவர் பாதியில் நிற்பார்.

இவற்றைவிடப் பெரிய ஆபத்து உறுதியில் உள்ளது. தீவகக் காணிகள் பல இன்னும் பிரிக்கப்படாத பங்குகளே. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, தேசவழமைக்குட்பட்ட காணியின் பிரிக்கப்படாத பங்கை விற்கும்போது, பங்காளருக்கும் விற்பவரின் உரித்தாளருக்கும் முன்கொள்வனவு உரிமை உண்டு. உரிய அறிவித்தலின்றி வாங்கினால் பின்னர் வழக்கைச் சந்திக்க நேரும். உரிமையாளர் கனடாவிலோ இலண்டனிலோ இருக்க, உறவினர் அற்றோர்னித் தத்துவத்தைக் காட்டி விற்பது சர்வசாதாரணம். தத்துவம் கொடுத்தவர் இறந்தால் தத்துவமும் முடிந்துபோகும். ஆகவே அவர் உயிருடன் இருக்கிறாரா என்று கேட்பதில் கூச்சப்படத் தேவையில்லை. காணிப் பதிவகத்தில் குறைந்தது 30 ஆண்டுப் பதிவுகளையாவது சட்டத்தரணி ஒருவரைக்கொண்டு தேடுவிப்பது அவசியம்.

அடுத்தது, உறுதி யார் பெயரில் என்பது. தேசவழமைக்குட்பட்டோர் திருமணத்தின் பின் விலைகொடுத்து வாங்குவது பொதுவாகத் தேடிய தேட்டம். ஒருவர் இறந்தால் அதில் பாதி மற்றவருக்கும் மறுபாதி உரித்தாளருக்கும் சேரும். ஆனால் மனைவியின் சீதனப் பணத்தையோ நகையையோ விற்றுப்போட்ட முதல், கணவன் பெயரில் மட்டும் எழுதப்பட்ட உறுதியில் கண்ணுக்குத் தெரிவதில்லை. பிற்காலத்தில் அதனை நிரூபிக்கும் சுமை மனைவியின் தலையிலேயே விழும்.

1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு மீண்டும் இம்மண்ணில் வீடு தேடும் முஸ்லிம் தம்பதியருக்கு இது இன்னும் முக்கியமானது. முஸ்லிம் சட்டத்தில் கணவன், மனைவி சொத்துகள் தனித்தனியானவை. தேடிய தேட்டம் என்ற ஏற்பாடு இல்லை. வீடு கணவன் பெயரில் மட்டும் இருந்து அவர் மரணித்தால், பிள்ளைகள் உள்ள மனைவிக்கு எட்டிலொரு பங்கே கிடைக்கும். மஹரையோ நகையையோ கொடுத்து உதவிய மனைவியின் பெயரும், அவர் போட்ட பணத்தின் விகிதமும் உறுதியிலேயே எழுதப்படுவதற்கு நொத்தாரிசிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.