அனைத்துலக முதலீட்டுச் சட்டமும் மூன்றாம் தரப்பும்: பேராசிரியர் சொர்ணராஜாவின் ஆய்வுப்பணி

முன்னுரை

அனைத்துலகச் சட்டம் தமிழாய்வுக்குப் புறம்பான துறை என்னும் எண்ணம் நம்மிடையே நெடுங்காலமாக நிலவி வருகிறது. ஆயினும், பிரிக்பீல்ட்சுக்கு அருகில் உள்ள சுலைமான் கட்டடம் ஆசிய அனைத்துலக நடுவர் மையத்தோடு தொடர்புடையது. 1978இல் கோலாலம்பூர் வட்டார நடுவர் மையமாகத் தொடங்கி, 2018இல் இப்பெயரைப் பெற்ற அமைப்பு அது. இத்துறையில் உலகறிந்த அறிஞருள் ஒருவர் தமிழர் என்பதும் நம் மாணவர் பலர் அறியாத செய்தி. அவர்தம் பணியை அறிமுகப்படுத்தி, அது கிள்ளான் பள்ளத்தாக்கின் வரலாற்றோடு தொடர்புறும் இடத்தைச் சுட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்வியும் பணியும்

முத்துக்குமாரசுவாமி சொர்ணராஜா இலங்கைத் தமிழர். இலங்கையிலும், பின்னர் இலண்டன், யேல் பல்கலைக்கழகங்களிலும் சட்டம் பயின்றார். ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாப் பல்கலைக்கழகத்தில் சட்டத்துறைத் தலைவராக விளங்கினார். பின் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பேராசிரியராகப் பணியாற்றினார். நாட்டுடைமையாக்கப்பட்ட சொத்துகள் பற்றிய அவரது நூல் 1986இல் வெளிவந்தது. அந்நிய முதலீடு பற்றிய அனைத்துலகச் சட்டத்தை விளக்கும் பெருநூல் 1994இல் தோன்றி, 2021இல் ஐந்தாம் பதிப்பைக் கண்டது.

மையக் கருத்து

ஓர் அரசு அந்நியரின் சொத்தை எடுத்துக்கொண்டால் எவ்வளவு இழப்பீடு தர வேண்டும்? உடனடியான, போதிய, பயன்தரத்தக்க இழப்பீடு வேண்டும் என மூலதனம் ஏற்றுமதி செய்யும் நாடுகள் வாதிட்டன. புதிதாக விடுதலை பெற்ற நாடுகளோ தம் இயற்கை வளங்களின்மீது தமக்குள்ள இறைமையை வலியுறுத்தின. 1962இல் ஐ.நா. பொதுப்பேரவை இவ்விறைமையைத் தீர்மானமாக ஏற்று, 'தகுந்த' இழப்பீடு என்னும் சொல்லைக் கையாண்டது. இவ்விதிகள் காலனியாட்சிக் காலத்து அதிகாரச் சமனின்மையிலிருந்து எழுந்தவை என்பதைச் சொர்ணராஜா தொடர்ந்து எடுத்துக்காட்டுகிறார். முதலீட்டாளருக்கு உரிமைகளை வழங்கும் ஒப்பந்தங்கள் அவருக்குக் கடமைகளை அரிதாகவே விதிக்கின்றன என்பதும் அவரது குற்றச்சாட்டாகும். இத்தகைய பாதுகாப்பு இன்றேல் வளரும் நாடுகளுக்கு மூலதனம் வாராது என்பது எதிர்த்தரப்பினரின் வாதம்.

மலேசியச் சான்றுகள்

1981ஆம் ஆண்டு ஈண்டு நோக்கத்தக்கது. அவ்வாண்டு மே மாதத்தில் மலேசியாவும் பிரிட்டனும் முதலீட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. செப்டம்பர் 7ஆம் நாள், பெர்மோடாலான் நேஷனல் நிறுவனம் இலண்டன் பங்குச் சந்தையில் கத்ரி நிறுவனத்தின் பங்குகளை வாங்கி அதனைத் தன்வயப்படுத்தியது. நாட்டுடைமையாக்கச் சட்டம் ஏதும் தேவைப்படவில்லை. சந்தை வழியே தோட்டங்கள் கைமாறின.

அவ்வொப்பந்தத்தின் கீழ் எழுந்த வழக்கு ஒன்றும் உண்டு. கான்டனிலிருந்து சென்னை நோக்கி வந்த டயானா என்னும் கப்பல் 1817இல் மலாக்கா அருகே மூழ்கியது. அதன் பீங்கான் பொருள்களை மீட்ட நிறுவனம், தனக்குரிய பங்கு முழுமையாகக் கிட்டவில்லை என மலேசிய அரசின்மீது வழக்குத் தொடுத்தது. அம்மீட்புப்பணி நாட்டின் பொருளாதார வளர்ச்சிக்குக் குறிப்பிடத்தக்க பங்களிக்காததால் அஃது 'முதலீடு' ஆகாது என நடுவர் 2007இல் தீர்த்தார். 2009இல் மூவர் குழு அத்தீர்ப்பை நீக்கியது. குழுவினருள் ஒருவரான முகமது ஷகாபுதீன் மட்டும் மாறுபட்டார். வளர்ச்சி என்பது ஒப்பந்தங்களின் உண்மையான நோக்கமா, வெறும் முகவுரைச் சொல்லா என்னும் வினாவே இங்கு மோதலாயிற்று.

மூன்றாம் தரப்பு

இவ்விரு நிகழ்வுகளிலும் அரசு உண்டு; முதலீட்டாளர் உண்டு. மண்ணில் உழைத்தவர் எங்கே? கத்ரியின் தோட்ட நிலங்கள் பல பின்னர் நகர்ப்பகுதிகளாயின. ஷா ஆலாமின் புக்கிட் ஜெலுத்தோங் அவற்றுள் ஒன்று. பங்கு வைத்திருந்தவருக்கு விலை கிடைத்தது. தலைமுறைகளாகத் தோட்டக் குடியிருப்புகளில் வாழ்ந்த பால்மரத் தொழிலாளருக்கோ அவ்வீடு சொத்தன்று. வேலையோடு ஒட்டிய தங்குமிடமே. சொத்து இல்லாதவருக்கு முதலீட்டுச் சட்டத்தில் குரல் இல்லை. சொர்ணராஜாவின் வினாவை நம் மண்ணுக்குப் பொருத்திப் பார்க்கையில் யாம் பெறும் முடிவு இது.

முடிவுரை

தோட்ட வாழ்வைப் பாடும் நாட்டுப்பாடல்களையும் நாவல்களையும் நாம் துயரத்தின் பதிவுகளாகவே கற்பித்து வருகிறோம். அத்துயரத்திற்குப் பின்னே ஒப்பந்தங்களும் பங்குப் பத்திரங்களும் இருந்தன என்பதையும் சேர்த்துக் கற்பித்தல் வேண்டும். கிள்ளானில் தமிழ் பயிலும் மாணவர், தம் பாட்டனார் உழைத்த தோட்டம் யார் பெயரில் இருந்தது, யார் பெயருக்கு மாறியது எனக் கேட்கத் தொடங்குவாராயின், தமிழ் வகுப்பறை சட்ட வரலாற்றுக்கும் வாயிலாகும்.