கணவனா, காதலனா? - தாகூரின் ‘கரே பாய்ரே’ நாவல் உண்மையில் கேட்கும் கேள்வி என்ன?

கல்யாணமான பெண். அன்பான கணவர். நடுவில் வந்து சேரும் இன்னொருவர். வெப் சீரிஸ் கதை மாதிரி இருக்கா? ரவீந்திரநாத் தாகூர் இதை நூறு வருஷத்துக்கு முன்னாடியே நாவலாக எழுதிட்டார். பெயர், ‘கரே பாய்ரே’. ‘வீட்டிலும் வெளியிலும்’ என்று பொருள்.

படித்து முடித்ததும் எல்லோரும் கேட்பது, “நீங்க நிகில் பக்கமா, சந்தீப் பக்கமா?” என்றுதான். ஆனால், அந்தக் கேள்வியில் நாயகி பிமலாவையே காணோம். அதுதான் இந்த நாவலின் முக்கியமான விஷயம்.

(எச்சரிக்கை: கதையின் முடிவும் கீழே இருக்கு!)

எந்தக் காலத்துக் கதை?

1905 அக்டோபர் 16. வைஸ்ராய் கர்சன் காலத்தில் வங்காளம் இரண்டாகப் பிரிக்கப்பட்ட நாள். அதை எதிர்த்து சுதேசி இயக்கம் வெடித்தது. வெளிநாட்டுத் துணிகள் தெருவில் எரிந்தன. ஒற்றுமையைக் காட்ட மக்கள் ஒருவருக்கொருவர் ராக்கி கட்டிக்கொள்ளும் நிகழ்வை அன்று முன்னெடுத்தவர் தாகூர். ஆனால், கட்டாயமும் வன்முறையும் தலைதூக்கியபோது இயக்கத்தைவிட்டு விலகினார்.

அந்த அனுபவம் பத்து வருஷம் கழித்து நாவலானது. ‘சபுஜ் பத்ரா’ இதழில் தொடராக வந்து, 1916-ல் புத்தகமாக வெளியானது.

யார் இந்த மூவர்?

நிகில், படித்த ஜமீன்தார். மனைவி பிமலாவுக்கு ஆங்கிலம் கற்றுத்தர மிஸ் கில்பி என்ற ஆசிரியையை ஏற்பாடு செய்கிறார். ‘வீட்டுக்குள் அடைந்து கிடக்காதே, வெளியே வந்து உலகத்தைப் பார். அப்புறமும் நீ என்னை நேசித்தால்தான் அது நிஜமான அன்பு’ என்பது அவர் கட்சி.

சந்தீப், நிகிலின் நண்பர், சுதேசித் தலைவர். பேச ஆரம்பித்தால் கூட்டமே கிறங்கிடும். பிமலாவும்தான். அவளை சக்தியின் வடிவம், தேசத்தின் உருவம் என்றெல்லாம் புகழ்கிறார்.

அந்தப்புரத்தில் ‘சின்ன மருமகள்’ ஆக மட்டுமே இருந்த பெண்ணிடம் ஒருவர் திடீரென, ‘நீதான் தேசம்’ என்று சொன்னால் எப்படி இருக்கும்? அந்தப் போதையைப் பிமலா தன் வாயாலேயே சொல்கிறாள். நாவல் முழுக்க இந்த மூவரும் மாறி மாறிப் பேசும் தன்வரலாறாகத்தான் நகர்கிறது. யாரையும் வில்லி என்று முத்திரை குத்த முடியாததற்கு இந்த வடிவமும் ஒரு காரணம்.

மயக்கம் எங்கே கலைகிறது?

பணத்தில்! இயக்கத்துக்கு என்று சொல்லி சந்தீப் பணம் கேட்கிறார். பிமலா தன் வீட்டு இரும்புப் பெட்டியிலிருந்தே திருடுகிறாள். அதுவும் ஓரகத்திகளுக்குச் சேர வேண்டிய பணம். அதைப் பார்த்ததும் சந்தீப் முகத்தில் தெரிந்த பேராசை அவளை உலுக்கிடுது. கும்பிட்டவர் தன்னை மதிக்கவே இல்லை என்று அப்போதுதான் புரிகிறது.

வெளியிலும் இதே கதைதான். நிகிலின் சந்தையில் வெளிநாட்டுப் பொருள்களைத் தடை செய்யச் சொல்கிறார் சந்தீப். மலிவான துணியை விற்றுப் பிழைக்கும் ஏழைகள் என்ன செய்வார்கள் என்று நிகில் மறுக்கிறார். பஞ்சு என்ற ஏழை வியாபாரியின் துணி எரிக்கப்படுகிறது. கடைசியில் மதக் கலவரம் மூள்கிறது. தீ மூட்டிய சந்தீப் ஊரைவிட்டே கிளம்பிடுறார். அவரை நம்பி வந்த, பிமலாவை அக்கா என்று அழைத்த அமூல்யா என்ற இளைஞன் குண்டடி பட்டுச் சாகிறான்.

அப்போ நிகில்தான் ஹீரோவா?

அவ்வளவு சுலபமில்லை. பிமலாவுக்கு எந்தச் சுதந்திரம், எப்போது, எதற்காக என்று முடிவு செய்தது யார்? நிகில்தான். வெளியே வரணும் என்று அவள் கேட்கவே இல்லை. தனக்குப் பிடித்த வார்ப்பில் மனைவியை வார்க்கப் பார்த்ததும் ஒரு வகை அதிகாரம்தான் என்று பிற்பகுதியில் நிகிலே உணர்கிறார்.

ஒருவர் அவளை லட்சிய மனைவியாக்கப் பார்த்தார். இன்னொருவர் தெய்வமாக்கினார். ‘உனக்கு என்ன வேணும்?’ என்று பிமலாவிடம் கேட்க இருவருக்குமே தோன்றவில்லை.

காந்தியைக் கிண்டல் செய்ததா?

1922-ல் ஹங்கேரிய விமர்சகர் ஜார்ஜ் லூகாச் இந்த நாவலைக் கடுமையாகச் சாடினார். சந்தீப், காந்தியின் கேலிச்சித்திரம் என்பது அவர் வாதம். ஆனால், தென்னாப்பிரிக்காவிலிருந்து காந்தி இந்தியா திரும்பியதே 1915-ல்தான். கதை நடப்பதோ அதற்கும் முந்தைய சுதேசிக் காலத்தில்.

முடிவு என்ன?

கலவரத்தை அடக்கப் போன நிகில், தலையில் பலத்த காயத்தோடு தூக்கிவரப்படுகிறார். பிழைப்பாரா என்று சொல்லாமலே நாவல் முடிகிறது. 1984-ல் இதைப் படமாக்கிய சத்யஜித் ராய், பிமலாவை விதவைக் கோலத்தில் காட்டி முடித்தார். சௌமித்ர சாட்டர்ஜி சந்தீப்பாகவும், விக்டர் பானர்ஜி நிகிலாகவும் நடித்த படம் அது.

படம் பார்க்கப் போறீங்களா, நாவல் படிக்கப் போறீங்களா? எதுவானாலும், இரண்டு ஆண்களில் யார் நல்லவர் என்ற பட்டிமன்றத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்க. பிமலா என்ன சொல்றாங்கன்னு முதலில் கேளுங்க.