பவண்டோவுக்கு ஃபிரிட்ஜில் இடம் கொடுத்தது யார்?

எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை ரொம்பக் கலைக்காமல், படிக்க வசதியாகச் சுருக்கியிருக்கிறோம்.

இன்னைக்கு ஒரு பீர் கதையில ஆரம்பிச்சு கலர் கதைக்கு வரப் போறோம்.

அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் நாரகான்செட் என்று ஒரு பீர். 1890-ல் ஆரம்பித்த கம்பெனி. அந்த வட்டாரத்துல தாத்தா, அப்பான்னு தலைமுறையாகக் குடித்த பிராண்ட். இன்னொரு பெரிய கம்பெனி கைக்குப் போன பிறகு, 1981-ல் அங்கே இருந்த ஆலையை மூடிட்டாங்க. 2005-ல் உள்ளூர்க்காரர் ஒருத்தர் முதலீட்டாளர்களோடு சேர்ந்து அந்தப் பெயரை வாங்கி, மறுபடி ஓட வச்சார்.

நம்ம பக்கம் இப்படி ஏன் நடக்கலன்னு கேட்டா, பதில் சுருக்கம். ஸ்டார் ஹோட்டல், கிளப் மாதிரி சில இடங்களை விட்டுட்டா, தமிழ்நாட்டில் பீர் விற்கிற கடை டாஸ்மாக் மட்டும்தான். 1983-ல் மொத்த விற்பனைக்காக ஆரம்பித்த அரசு நிறுவனம், 2003-ல் சில்லறை விற்பனையையும் எடுத்துக்கிச்சு. உங்க தாத்தா குடிச்ச பீரை நீங்க எவ்வளவு பாசத்தோட மறுபடி காய்ச்சினாலும், அந்த அலமாரியில் இடம் கிடைக்கலன்னா கதை முடிஞ்சது. எங்க ஊர் காயல்பட்டினத்துல அந்த அலமாரியும் கிடையாது. ஊருக்குள்ள மதுக்கடையே இல்லை.

அதனால நம்ம ஊர் ஏக்கம் எல்லாம் வேற ஒரு பாட்டிலுக்குள்ள போய் உட்கார்ந்திருக்கு. கலர். கல்யாண வீட்டுச் சாப்பாடு முடிஞ்சதும் கைக்கு வர்ற கலர். வயிறு மந்தமா இருக்குன்னா வாப்பா வாங்கிட்டு வரச் சொல்ற சோடா. அதுல முக்கியமான பெயர் பவண்டோ.

விருதுநகரில் இருந்து

பவண்டோவைத் தயாரிப்பது காளிமார்க். 1916-ல் விருதுநகரில் பி.வி.எஸ்.கே. பழனியப்ப நாடார் ஆரம்பித்தது. காளி ஏரியேட்டட் வாட்டர் ஒர்க்ஸ் என்பது கம்பெனியின் முழுப் பெயர். திராட்சை வாசனையும் கறுப்பு நிறமும் கொண்ட பவண்டோ, பல வருஷம் கழிச்சு அவங்க கொண்டு வந்த பானம். வியாபாரத்தைக் குடும்பத்தின் கிளைகள் பகுதி பகுதியாகப் பிரிச்சுக்கிட்டு நடத்தினாங்க. ஒவ்வொரு பகுதிக்கும் தனி ஆலை, தனி வண்டி, தனி கடை வட்டம். இந்தப் பிரிவினையை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

அந்தக் காலத்தில் இது ஒரு கம்பெனியோட கதை மட்டும் இல்ல. மதுரைக்கு ஒரு மாப்பிள்ளை விநாயகர் சோடா இருந்த மாதிரி, ஊருக்கு ஊர் ஒரு சோடா கம்பெனி இருந்தது.

அப்புறம் 1977. வெளிநாட்டு முதலீட்டுச் சட்டத்தை ஒட்டி ஜனதா அரசோடு ஒத்துப்போகாமல் கோகோ கோலா இந்தியாவை விட்டுப் போனது. காலியான இடத்துக்கு தம்ஸ் அப், காம்பா கோலா எல்லாம் வந்தன. அரசாங்கமே 'டபுள் செவன்' என்று ஒரு கோலா போட்டது. 1990-ல் பெப்சி உள்ளே வந்தது. 1993-ல் கோக் திரும்பி வந்து, பார்லே கம்பெனியிடம் இருந்து தம்ஸ் அப், லிம்கா, கோல்ட் ஸ்பாட் பிராண்டுகளை மொத்தமாக வாங்கியது. தம்ஸ் அப் பிழைத்தது. கோல்ட் ஸ்பாட்டை நிறுத்திட்டாங்க, அந்த இடத்துக்கு ஃபேன்டா வந்தது.

இங்கே ஒரு கேள்வி. 1993-க்கு அப்புறம் நம்ம ஊர் கலர்கள் ஏன் மறைஞ்சது? "மக்களுக்கு டேஸ்ட் மாறிடுச்சு"ன்னு சொல்லுவாங்க. எனக்கு அது பாதிப் பதில்கூட இல்லைன்னு தோணுது. மீதிப் பதில் ஃபிரிட்ஜ்ல இருக்கு.

ஃபிரிட்ஜ் எப்படி ஜெயிக்குது

கொஞ்சம் இயற்பியல். சோடா என்பது தண்ணீரில் கரைந்த கார்பன் டை ஆக்ஸைடு. தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தால் வாயு அதிகம் கரையும், சூடானால் வெளியே வரும். சாதாரண காற்றழுத்தத்தில் 0 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 3.3 கிராம் வாயுவைப் பிடிச்சு வச்சுக்கும். 20 டிகிரியில் அது சுமார் 1.7 கிராம். அதாவது பாதி. மே மாசம் திருநெல்வேலி வெயிலில் கடை வாசலில் வைத்த பாட்டிலைத் திறந்தா என்ன ஆகும்? பொங்கி வழியும். மிச்சம் இருக்கறது சர்க்கரைத் தண்ணி. அதே பானம், அதே செய்முறை. குளிர்ச்சி இல்லன்னா அது வேற சரக்கு.

ஆக, ஒரு கலர் கம்பெனிக்கு ஃபிரிட்ஜ் என்பது பானத்தோட ஒரு பகுதி. நம்ம சாஃப்ட்வேர் பாஷையில சொன்னா, ஒரு டிபெண்டன்சி. உங்க கோடு எவ்வளவு அழகா இருந்தாலும் அது இல்லன்னா ஓடாது.

சின்ன பெட்டிக்கடைக்காரர் சொந்தக் காசில் கண்ணாடிக் கதவு ஃபிரிட்ஜ் வாங்குவது கஷ்டம். பெரிய கம்பெனிகள் அதை இலவசமாகக் கொடுத்தன. கூடவே ஒரு நிபந்தனை: எங்க சரக்கு மட்டும்தான் உள்ளே இருக்கணும். கரண்ட் பில் கடைக்காரருடையது, இடம் கம்பெனியுடையது. உள்ளூர் கலர் கிரேட்டோட வாசலுக்கு வந்துடுச்சு. வாங்க வர்றவர் "சில்லுன்னு என்ன இருக்கு?"ன்னு கேட்பார். ஃபிரிட்ஜ்ல என்ன இருக்கோ அதுதான் பதில். இதுல டேஸ்ட் எங்கே வந்தது?

பாட்டில் எங்கே திரும்பிப் போகுது

இரண்டாவது விஷயம் பாட்டில். பழைய கலர் வியாபாரம் முழுக்கக் கண்ணாடி பாட்டிலில் நடந்தது. கம்பெனிக்குப் பானத்தை விடப் பாட்டில்தான் பெரிய முதலீடு. கடைக்குப் போன பாட்டில் திரும்பி வரணும், கழுவணும், மறுபடி நிரப்பணும். பாட்டிலை எடுத்துட்டுப் போகக் கூடாதுன்னு கடை வாசலிலேயே நின்னு குடிக்க வைக்கறதுக்குக் காரணம் இதுதான். காலி பாட்டிலைச் சுமந்துக்கிட்டு வண்டி ரொம்ப தூரம் ஓடினா டீசலே லாபத்தைக் குடிச்சுடும். அதனால ஆலையைச் சுற்றி ஒரு குறிப்பிட்ட வட்டத்துக்குள்ளதான் இந்தக் கணக்கு சரிப்படும். காளிமார்க் பகுதி பிரிச்சு நடத்தின முறை இதுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது.

கோலி சோடா பாட்டில் இதே உலகத்தைச் சேர்ந்தது. ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் 1870-களில் காப்புரிமை வாங்கிய வடிவமைப்பு. நிரப்பும்போது பாட்டிலைத் தலைகீழாக்குவாங்க. கோலி கழுத்துக்கு வந்து விழும். உள்ளே இருக்கற வாயு அழுத்தம் அதை ரப்பர் வளையத்தோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கும். மூடி என்று தனியாக எதுவும் இல்லை, பானமே தனக்கு மூடி போட்டுக்குது. 2025 மார்ச்சில் மத்திய அரசே 'கோலி பாப் சோடா' என்ற பெயரில் இது வளைகுடா நாடுகளுக்கும் அமெரிக்கா, ஐரோப்பாவுக்கும் ஏற்றுமதி ஆகுதுன்னு அறிவிச்சது. காயல்பட்டினத்துல இருந்து துபாய் போன காக்காமார் இனி அங்கேயே கோலியை உடைச்சுக் குடிக்கலாம்.

பிளாஸ்டிக் பாட்டில் வந்ததும் இந்த வட்டம் உடைஞ்சது. எடை கம்மி, திரும்பி வர வேண்டாம், எவ்வளவு தூரமும் போகும். ஒன்றரை லிட்டர், இரண்டு லிட்டர்னு வீட்டுக்குள்ளேயே போயிடுச்சு. அதுக்கு ஏத்த இயந்திரம் வாங்க முடியாத சோடா கம்பெனிகள் அங்கேயே நின்னுட்டாங்க. காளிமார்க் பிளாஸ்டிக்குக்கும் மாறினாங்க, பெயரையும் யாருக்கும் விற்கல. பெரும்பாலும் சின்ன ஊர்கள்ல, பெரிய கம்பெனி ஃபிரிட்ஜ் எட்டாத கடைகள்ல தாக்குப் பிடிச்சாங்க.

2017: அலமாரி காலியான மாசம்

இப்போ திருப்பம். 2016 வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 60 சதவீதத்துக்கு மேல் குறைவு. அதே சமயத்தில் திருநெல்வேலிக்கு வடக்கே கங்கைகொண்டான் சிப்காட்டில் இருக்கும் கோக், பெப்சி பாட்டிலிங் ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் போகுது. 1,000 லிட்டருக்கு 37 ரூபாய் 50 காசு என்ற விலை ஊரெல்லாம் பேச்சானது. ஒரு லிட்டருக்கு நாலு காசுகூட இல்லை. 2016 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை போட்டது.

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுப் போராட்டம். அங்கே கோக், பெப்சி வேண்டாம் என்ற குரலும் சேர்ந்து வந்தது. வணிகர் சங்கங்கள் மார்ச் 1 முதல் இந்தப் பானங்களை விற்க மாட்டோம்னு அறிவிச்சாங்க. அதுக்கு அடுத்த நாளே, மார்ச் 2 அன்று, நீதிமன்றம் ஆலைகளுக்கு எதிரான மனுக்களைத் தள்ளுபடி செய்தது. கம்பெனிகளுக்குத் தண்ணீர் கிடைச்சது, அலமாரி போச்சு.

அந்தக் கோடையில் பவண்டோவுக்கான தேவை உற்பத்தியைத் தாண்டிப் போனது. சென்னை, கோயம்புத்தூர் சூப்பர் மார்க்கெட்டுகளில் அதைத் தேடி வாங்கினாங்க. இதை நாம ஒரு 'பிராண்ட் மீண்டு வந்த கதை'யா சொல்றோம். ஆனா உள்ளே என்ன நடந்ததுன்னு பாருங்க. பவண்டோ மேல இருந்த பாசம் 2015-லயும் இருந்தது. செய்முறை மாறல, பெரிய விளம்பரமும் இல்ல. மாறினது ஒண்ணே ஒண்ணு: ஆயிரக்கணக்கான கடைக்காரர்கள் ஒரே நேரத்தில் ஃபிரிட்ஜில் இடம் ஒதுக்கினாங்க.

அதுவும் நிரந்தரம் இல்லை. கடைக்காரருக்கு வாடகை, கரண்ட், லாப விகிதம் எல்லாம் இருக்கு. மெல்ல மெல்லப் பழைய சரக்கும் திரும்பி வந்துடுச்சு. அதே வருஷம் ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது. சர்க்கரை சேர்த்த சோடா வகைக்கு 28 சதவீத வரியும் 12 சதவீத செஸ்ஸும், மொத்தம் 40. உலகக் கம்பெனிக்கும் இதே வரி, ஊர்க் கம்பெனிக்கும் இதே வரி.

இதை நல்லாப் புரிஞ்சுக்கிட்டது ரிலையன்ஸ். 2022-ல் காம்பா பெயரைச் சுமார் 22 கோடி ரூபாய்க்கு வாங்கினதா செய்தி வந்தது. 2023 மார்ச்சில் மறுபடி இறக்கினாங்க. அதே வருஷம் சூரத்தின் நூறு வருஷப் பழைய சோஸ்யோவிலும் பாதிப் பங்கு. விளம்பரத்தில் பழைய நினைவு இருந்தது, ஆனா ஆயுதம் 200 மில்லி 10 ரூபாய்ங்கற விலையும் கடைக்காரருக்குக் கூடுதல் லாபமும்தான். சொந்தக் கடைச் சங்கிலி வேற இருக்கு. பெயருக்கு 22 கோடி. அலமாரிக்கு ஆகற செலவு அதைவிடப் பல மடங்கு.

நமக்கு இதுல என்ன

சரி, உள்ளூர் கலர் ஜெயிச்சா எல்லாம் சரியாயிடுமா? காயல்பட்டினத்துக்காரனா ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். தாமிரபரணி பொதிகை மலையில் பிறந்து, எங்களுக்குப் பக்கத்தில் புன்னைக்காயலில் கடலில் சேருது. ஆற்றின் கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டம். நாங்க அதுக்கும் கீழே. மேலே யார் எவ்வளவு எடுத்தாலும் மிச்சம்தான் கீழே வரும். ஒரு லிட்டர் பானம் தயாரிக்கத் தங்களுக்குச் சுமார் இரண்டு லிட்டர் தண்ணீர் ஆகுதுன்னு கோகோ கோலாவே தன் உலக அறிக்கைகளில் சொல்லுது. கண்ணாடி பாட்டிலைக் கழுவறதுக்கும் தண்ணீர் வேணும். பாட்டிலில் தமிழ்ப் பெயர் இருந்தா ஆறு தள்ளுபடி கொடுக்காது.

அதனால 2017-ல் கேட்ட கேள்வி சரியான கேள்வி, ஆனா அதை ரெண்டு கம்பெனியோட நிறுத்தக் கூடாது. யாருடைய ஆலையா இருந்தாலும், எவ்வளவு தண்ணீர் எடுக்கறீங்க, என்ன விலை கொடுக்கறீங்க, காலி பாட்டில் எங்கே போகுதுன்னு கேட்கணும். இந்த மூணுக்கும் உள்ளூர் கம்பெனியால நல்ல பதில் சொல்ல முடியும். ஆலை பக்கத்துல இருக்கு, முதலாளியை நேர்ல போய்க் கேட்கலாம், பாட்டிலைத் திருப்பி எடுக்கற பழக்கம் அவங்களுக்குப் புதுசு இல்ல. நினைவு நம்மளை ஒரு பாட்டில் வாங்க வைக்கும். இரண்டாவது பாட்டிலுக்கு இந்தப் பதில்கள் வேணும்.

அடுத்த தடவை கடைக்குப் போகும்போது ரெண்டு விஷயம் பாருங்க. ஃபிரிட்ஜ் மேல யார் பெயர் இருக்கு? உள்ளே உங்க ஊர்ப் பக்கத்து கலர் ஒண்ணாவது இருக்கா? இல்லன்னா கடைக்காரர்கிட்ட கேளுங்க. நாலு பேர் தினமும் கேட்டா அவர் ஒரு தட்டு ஒதுக்குவார்.

உங்க ஊர்ல இன்னும் ஓடிக்கிட்டு இருக்கற சோடா கம்பெனி இருந்தா பெயரை எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.