கூகுளில் பொகவந்தலாவை: யார் கை காட்டுகிறார்கள்?

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்ட ஊரான பொகவந்தலாவையின் பெயரைக் கூகுளில் தமிழில் தட்டினால் திரையில் வருவது பெரும்பாலும் செய்தித்தளங்கள். குளவி கொட்டியதில் கொழுந்து பறித்தவர்கள் ஆஸ்பத்திரியில், கெசல்கமுவ ஓயாவில் சட்டவிரோத மாணிக்கக்கல் அகழ்வு, சம்பள உயர்வு கேட்டு ஆர்ப்பாட்டம், லயன் குடியிருப்பில் தீ. அதே பெயரை ஆங்கிலத்தில் தட்டினால் இன்னோர் ஊர் எழுந்து நிற்கிறது: பெரிய தேயிலைக் கம்பெனி, தோட்டத்துரைமார் காலத்துப் பங்களாக்கள், மூடுபனி, ஒரு பழைய தேவாலயம்.

இரண்டும் பொகவந்தலாவைதான். ஆனால் இங்குள்ள டின்சின் தோட்டத்திலோ கொட்டியாகலைத் தோட்டத்திலோ பிறந்து வளர்ந்த ஒருவர் தம் ஊரைப் பற்றித் தாமே எழுதிய பக்கம் அவ்வளவு எளிதில் கண்ணில் படுவதில்லை. இரண்டு அறை வைத்து விருந்தினரை ஏற்கும் வீட்டுக்காரர், தேயிலைத் தூளைப் பொதி செய்து விற்கும் இளைஞர், தோட்டப் பாடசாலையின் பழைய மாணவர் சங்கம் என்று யார் இணையத்தளம் தொடங்கினாலும் இதே நிலைதான். தளம் இருக்கிறது, தேடுகிறவருக்குத் தெரிவதில்லை. இதற்கான காரணங்களில் முக்கியமான ஒன்று, அந்தத் தளத்தை நோக்கி வேறு யாரும் கை காட்டாததுதான்.

ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்குப் போகும் இணைப்பை ஒரு பரிந்துரையாக எண்ணலாம் என்ற எண்ணத்தின் மேல்தான் கூகுளே கட்டப்பட்டது. 1996இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் லாரி பேஜும் செர்கே பிரினும் தொடங்கிய ஆய்வுக்கு முதலில் வைத்த பெயர் 'பேக்ரப்'. 1998இல் அது கூகுள் என்ற நிறுவனமானது. பக்கங்களுக்கு மதிப்பிடும் அவர்களுடைய கணக்குமுறை, லாரி பேஜின் பெயரால் 'பேஜ்ரேங்க்' எனப்பட்டது. அந்தச் சிந்தனைக்கும் ஒரு முன்னோடி உண்டு. விஞ்ஞானக் கட்டுரை ஒன்றை எத்தனை பிற கட்டுரைகள் மேற்கோள் காட்டுகின்றன என்று பார்த்தால் அதன் செல்வாக்குத் தெரியும் என்று யூஜின் கார்ஃபீல்ட் 1955இலேயே எழுதினார்; 1964இல் அதற்கென ஓர் அட்டவணையையே வெளியிடத் தொடங்கினார். மேற்கோள் இருந்த இடத்தில் இணைப்பை வைத்தார்கள் ஸ்டான்ஃபோர்ட் மாணவர்கள் இருவரும்.

பேஜ்ரேங்க் வெறுமனே தலையை எண்ணுவதில்லை. கை காட்டுகிறவரின் தகுதியையும் பார்க்கிறது. மதிப்புள்ள பக்கத்திலிருந்து வரும் ஓர் இணைப்பு, யாரும் பார்க்காத நூறு பக்கங்களின் இணைப்பை விடக் கனமானது. ஒரு பக்கம் பத்துத் தளங்களுக்கு இணைப்புக் கொடுத்தால் அதன் மதிப்பு பத்தாகப் பிரியும். ஆயிரம் பேருக்குக் கொடுத்தால் ஒவ்வொருவருக்கும் கிடைப்பது ஒரு துளி. மலையகத்துப் பையன் கொழும்பில் கடை வேலைக்குப் போனால் முதலாளி கேட்கும் முதல் கேள்வி, "யார் சொல்லி வந்தாய்?" முதலாளி மதிக்கும் ஒருவர் சொல்லியிருந்தால் அன்றைக்கே வேலை. வருகிறவன் போகிறவன் எல்லோருக்கும் சிபாரிசுச் சீட்டு எழுதிக் கொடுக்கிற ஆள் சொல்லியிருந்தால், அந்தச் சீட்டுக்கு மதிப்பு இல்லை. கூகுளின் கணக்கும் இதுதான்.

சிபாரிசுக்கு மதிப்பு உண்டு என்று தெரிந்தவுடன் அதை விற்கவும் ஆள் வந்துவிட்டது. 'சில டாலர்களுக்கு ஆயிரம் இணைப்பு' என்று மின்னஞ்சலிலும் சமூக வலைத்தளங்களிலும் வரும் விளம்பரங்களைத் தளம் வைத்திருக்கும் எவரும் பார்த்திருப்பார். அதில் விழுந்தவர்கள் சிறியவர்கள் மட்டுமல்லர்.

அமெரிக்காவின் பெரும் கடைத்தொகுதி நிறுவனமான ஜே.சி. பென்னி 2010ஆம் ஆண்டின் பண்டிகைக் காலத்தில் உடை, படுக்கை விரிப்பு, தரைவிரிப்பு என்று எதைத் தேடினாலும் கூகுளில் முதலிடத்தில் நின்றது. ஐயம் கொண்ட நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் துருவிப் பார்த்தது. உடைக்கும் விரிப்புக்கும் எந்தத் தொடர்பும் இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களில் அந்நிறுவனத்துக்கான இணைப்புகள் செருகப்பட்டிருந்தன. 2011 பெப்ரவரியில் கூகுள் நடவடிக்கை எடுத்தது. ஒரு புதன்கிழமை மாலை 7 மணிக்குப் பயணப்பெட்டித் தேடல் ஒன்றில் முதலிடத்தில் இருந்த நிறுவனம், 9 மணிக்கு 71ஆம் இடத்துக்குப் போயிருந்தது. இரண்டே மணி நேரம். இணைப்புகள் தமக்குத் தெரியாமல் நடந்தவை என்று சொன்ன நிறுவனம், தன் தேடுபொறி ஆலோசகர்களை வேலையிலிருந்து நீக்கியது.

பிரித்தானியாவில் பூ விற்கும் இன்டர்ஃப்ளோராவுக்கு நடந்தது இன்னும் கடுமையானது. 2013இல் அன்னையர் தினத்துக்குச் சில வாரங்களே இருந்தபோது, அதன் சொந்தப் பெயரைத் தேடினால்கூட அதன் தளம் வரவில்லை. பிராந்தியச் செய்தித்தாள்களின் தளங்களில் காசு கொடுத்துப் போட்ட விளம்பரக் கட்டுரைகள் வழியாக இணைப்புகள் சேர்த்ததே அதற்குக் காரணம் என்று சொல்லப்பட்டது. பூக்கடைக்கு வருடத்தின் மிகப் பெரிய வியாபார நாள்களில் அதுவும் ஒன்று. அதற்குள் தளம் திரும்பிவிட்டது என்றாலும், நடுவில் போனவை போனவைதான்.

இந்த ஏமாற்றுகளைத் தடுக்கக் கூகுள் அடுத்தடுத்து வேலி போட்டது. 2005இல் யாஹூவும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்துகொள்ள, 'நோ ஃபாலோ' என்ற குறி வந்தது. அந்தக் குறி உள்ள இணைப்பைச் சிபாரிசாக எடுக்க வேண்டாம் என்பது பொருள். 2012 ஏப்ரலில் 'பெங்குவின்' என்ற திருத்தம் வந்து, செயற்கை இணைப்புகளால் ஏறி நின்ற தளங்களைக் கீழே தள்ளியது. இன்று கூகுள் இன்னும் பல அளவுகோல்களைச் சேர்த்துப் பார்க்கிறது; முன்னணி மூன்று காரணிகளில் இணைப்பு இப்போது இல்லை என்று கூகுளின் கேரி இல்யெஸ் 2023இல் சொன்னார். ஆனாலும் புதுத் தளம் ஒன்று இருக்கிறது என்பதையே கூகுள் பெரும்பாலும் வேறொரு பக்கத்தின் இணைப்பைப் பிடித்துத்தான் கண்டுபிடிக்கிறது. ஒரே விஷயத்தை எழுதிய இரண்டு தளங்களில் ஒன்றை நம்ப வேண்டியிருக்கும்போதும் இணைப்பு பேசும்.

இனி மலையகத்துக்கு வரலாம். இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. தோட்டத்து இளைஞர்கள் எழுதுவதில்லை என்று யாரும் சொல்ல முடியாது, நிறைய எழுதுகிறார்கள். அதில் பெரும்பகுதி முகநூலில் போகிறது. பழைய படங்கள், தாத்தா சொன்ன கங்காணி காலத்துக் கதைகள், காமன் கூத்து ஒளிப்பதிவுகள், பெரட்டுக்களத்து நினைவுகள் எல்லாம் அங்கேதான். நாலு நாள் விருப்பக்குறி வாங்கிவிட்டு அவை கீழே போய்விடுகின்றன. குழுக்களுக்குள் இருப்பவற்றில் பெரும்பகுதி தேடுபொறிக்கு எட்டுவதில்லை. முகநூலில் கொடுக்கும் இணைப்பு 'நோ ஃபாலோ' வகையைச் சேர்ந்தது. வாசகரைக் கொண்டுவரும், பொதுவாகச் சிபாரிசாக எண்ணப்படாது. ஒரு சமூகத்தின் நினைவு இப்படிக் கரைவது பெரிய இழப்பு.

எழுத்துரு இன்னொரு தடை. இலங்கையில் நெடுங்காலம் தட்டச்சு என்றால் பாமினி. இன்றும் பல சங்கங்களின் மலர்களும் அறிக்கைகளும் பாமினியில் அடித்துப் பி.டி.எஃப். ஆக ஏற்றப்படுகின்றன. மனிதக் கண்ணுக்கு அது அழகான தமிழ். கூகுளுக்கு அது ஆங்கில எழுத்துகளின் குவியல். யூனிகோடில் இல்லாத பக்கத்தைத் தமிழில் தேடிக் கண்டுபிடிக்க வழி இல்லை. கண்டுபிடிக்க முடியாத பக்கத்துக்கு எவரும் இணைப்புக் கொடுக்கப் போவதும் இல்லை.

இதற்கு நேர்மாறான, நம்மிடையே உள்ள நல்ல சான்று 'நூலகம்'. ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள், மலர்கள் எல்லாவற்றையும் மின்வடிவில் சேர்த்து வைக்கும் முயற்சியாக 2005இல் தன்னார்வலர்களால் தொடங்கப்பட்டது அது. இலங்கைத் தமிழ் எழுத்தாளர் ஒருவரைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரை இருந்தால், அடியில் அவருடைய நூலுக்கான நூலகம் இணைப்பு இருப்பதைப் பல இடங்களில் காணலாம். ஆய்வாளர்கள் அடிக்குறிப்பில் அதைத் தருகிறார்கள். எழுதுகிறவர்கள் கட்டுரைக்கு நடுவே தருகிறார்கள். வேறெங்கும் கிடைக்காத நூல் அங்கே கிடைக்கிறது; சுட்ட வேண்டியவருக்கு வேறு இடம் இல்லை. இணைப்புச் சேர்க்கும் கலையில் இதை மிஞ்சிய உத்தி கிடையாது.

பொகவந்தலாவையிடம் அப்படி என்ன இருக்கிறது? ஊரின் சென் மேரிஸ் தேவாலய முற்றத்தில் ஒரு கல்லறை இருக்கிறது. ஜூலியா மார்கரெட் கேமரன் அங்கே உறங்குகிறார். 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 48 வயதில் மகள் பரிசாகக் கொடுத்த கேமராவைக் கையில் எடுத்து, டார்வினையும் கவிஞர் டெனிசனையும் படம் பிடித்தவர். உலகப் புகைப்பட வரலாற்றை அவர் பெயர் இல்லாமல் எழுத முடியாது. லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் 2015இல் அவருடைய இருநூறாவது பிறந்த ஆண்டுக்கு ஒரு கண்காட்சியே நடத்தியது. கணவர் சார்ல்ஸ் ஹே கேமரன், 1830களில் இலங்கையின் ஆட்சிமுறையையே மாற்றியமைத்த கோல்புரூக் – கேமரன் ஆணைக்குழுவின் கேமரன்தான். இருவரும் 1875இல் இலங்கைக்கு வந்தார்கள். 1879 ஜனவரியில் அவரும், அடுத்த ஆண்டு கணவரும் இறந்தார்கள். இருவரும் இந்த ஒரே முற்றத்தில்தான் இருக்கிறார்கள்.

அவரைப் பற்றி எழுதும் பக்கங்கள் உலகெங்கும் உண்டு. கடைசி வரிகளில் பொகவந்தலாவை என்ற பெயரும் வரும். அந்தப் பெயரைச் சுட்டுவதற்கு ஊர்க்காரர் ஒருவரின் பக்கம் வேண்டும்: கல்லறையின் தெளிவான படங்கள், ஹட்டனிலிருந்து பஸ்ஸில் வரும் வழி, தேவாலயத்துக்குள் போகலாமா என்ற விவரம், அந்தக் காலத்தில் இதே மலைகளில் கோப்பி பறிக்க வந்த தமிழ்த் தொழிலாளர் எப்படி வாழ்ந்தார்கள் என்ற குறிப்பு. அருங்காட்சியகப் பக்கங்கள் இந்தக் கடைசி விவரத்தை அநேகமாகச் சொல்வதில்லை. அதைச் சொல்லும் உரிமையும் கடமையும் இந்த மண்ணில் இருப்பவர்களுக்கே உண்டு. தமிழில் எழுதி, ஆங்கிலத்திலும் எழுதி, இரண்டையும் ஒன்றோடொன்று இணைத்து வைத்தால், புகைப்பட வரலாறு எழுதுகிறவர் ஒருவருக்கு ஒரு மின்னஞ்சல் போதும். அந்த ஒரு இணைப்பு, விலைக்கு வாங்கிய ஆயிரத்துக்கு மேல்.

பங்களாக்காரர்கள் இதைப் புரிந்துகொண்டவர்கள். டில்மா தேயிலை நிறுவனக் குடும்பத்தினர் 2005இல் தொடங்கிய 'சிலோன் டீ ட்ரெயில்ஸ்' என்ற பங்களா விடுதி பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கில்தான் இருக்கிறது. அதன் டின்சின் பங்களா 1888ஆம் ஆண்டுக் கட்டடம். இலங்கையிலிருந்து 'ரிலே அண்ட் ஷத்தோ' என்ற சர்வதேச விடுதிகள் அமைப்பில் முதலில் சேர்ந்தது இதுதான். அந்த அமைப்பின் பக்கமே ஒரு கனமான கை காட்டல். அதைப் படித்துப் பயணப் பத்திரிகைகள் எழுதின. எழுதியவை மேலும் இணைப்புகளைக் கொண்டுவந்தன. அவ்வளவு பணம் சிறிய வீட்டுக்காரரிடம் இல்லை. ஆனால் அவரால் செய்யக்கூடியவையும் குறைவில்லை.

முதலில், ஏற்கெனவே யாராவது பெயரைச் சொல்லியிருக்கிறார்களா என்று தேடிப் பார்க்க வேண்டும். தங்கிப் போன வெளிநாட்டவர் ஒருவர் தம் பயணக்குறிப்பில் வீட்டின் பெயரை எழுதி, இணைப்புக் கொடுக்க மறந்திருப்பார். நன்றி சொல்லி ஒரு வரி எழுதிக் கேட்டால் பலர் மகிழ்ச்சியோடு சேர்த்துவிடுவார்கள். அடுத்தது, செத்துப்போன இணைப்புகள். பழைய பயணத்தளங்களில் மலையகம் பற்றிய சுட்டிகள் பலவற்றைச் சொடுக்கினால் 'பக்கம் இல்லை' என்றுதான் வரும். அந்த இடத்தில் வைக்கத் தகுந்த பக்கம் தம்மிடம் இருந்தால், உரியவருக்குத் தெரிவிப்பது இரண்டு பேருக்கும் உதவி. சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் விடுதியைப் பதிவு செய்வது, கூகுள் வரைபடத்தில் சரியான பெயரோடு இடத்தைக் குறிப்பது ஆகியவையும் வேண்டும்; ஊரின் பெயரை ஆங்கிலத்தில் பலர் பலவிதமாக எழுதுவதால் எல்லா இடத்திலும் ஒரே எழுத்தைப் பிடித்துக்கொள்வது நல்லது.

தேயிலை விற்கிறவர், 'தரமான தேயிலை, குறைந்த விலை' என்று மட்டும் எழுதிய பக்கத்துக்கு யாரும் இணைப்புத் தரமாட்டார்கள். எந்த மாதத்தில் இந்தப் பள்ளத்தாக்கில் கொழுந்து எப்படி இருக்கும், மழைக்காலத்துத் தூளுக்கும் வறண்ட காற்றுக் காலத்துத் தூளுக்கும் சுவை ஏன் மாறுகிறது, வாட்டலிலிருந்து தரம் பிரித்தல் வரை ஆலைக்குள் என்ன நடக்கிறது, ஒரு கிலோ தூளுக்கு எத்தனை கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும் என்று, தன் அம்மா மலையில் நின்று கற்றதையும் சேர்த்து எழுதினால் அது வேறு பக்கம். தேநீர் பற்றி எழுதும் எவருக்கும் அது தேவைப்படும்.

பாடசாலைச் சங்கங்களிடமும் கோயில் சபைகளிடமும் உள்ள பழைய மலர்களை நூலகத்துக்குக் கொடுத்து மின்வடிவம் ஆக்கிவிட்டால், சங்கத்தின் தளத்திலிருந்து அதற்கு இணைப்புக் கொடுக்கலாம். அதைத் தேடி வரும் ஆய்வாளர் சங்கத்தின் தளத்தையும் அறிந்துகொள்வார். இந்த வேலைகளின் பலன் வாரக்கணக்கில் வராது, மாதங்கள் ஆகும். யார் யார் இணைப்புக் கொடுத்திருக்கிறார்கள், எந்தச் சொல்லைத் தட்டியவர்கள் தளத்துக்கு வந்தார்கள் என்பதைக் கூகுளின் 'சேர்ச் கொன்சோல்' காட்டும். தளத்தின் சொந்தக்காரர் யாரும் அதில் இலவசமாகப் பதிந்துகொள்ளலாம். ஹட்டன் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே கைபேசியில் பார்க்கலாம்.