விழுங்கிய செல்லுக்குள்ளேயே குடித்தனம்

நுரையீரலுக்குள் காசநோய்க் கிருமி நுழைந்ததும் அதை முதலில் பிடிப்பது மேக்ரோபேஜ் என்ற நோய் எதிர்ப்புச் செல். கிருமிகளை விழுங்கிச் செரிப்பதே அதன் வேலை. அப்படியிருக்க, அதற்குள்ளேயே கிருமி எப்படிக் குடித்தனம் நடத்துகிறது?

வழக்கமாக, விழுங்கப்பட்ட கிருமி ஒரு சிறு பைக்குள் அடைபடும். அமிலமும் செரிமான நொதிகளும் நிறைந்த லைசோசோம் என்ற இன்னொரு பை வந்து அதோடு இணையும். கிருமியின் கதை முடிந்துவிடும்.

காசநோய்க் கிருமி கைவைப்பது அந்த இணைப்பில்தான். மெழுகு போன்ற அதன் மேலுறையிலுள்ள கொழுப்புப் பொருள்களும், அது சுரக்கும் சில புரதங்களும் கிருமி இருக்கும் பை முதிர்ந்து லைசோசோமோடு இணைவதைத் தடுத்துவிடுகின்றன. அமிலம் போதுமான அளவு ஏறுவதில்லை. கிருமி நிதானமாகப் பெருகுகிறது. ஒன்று இரண்டாக ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகும்.

உடலும் சும்மா இருப்பதில்லை. இன்னொரு வகை நோய் எதிர்ப்புச் செல்களான டி செல்கள் இன்டர்ஃபெரான் காமா என்ற புரதத்தைச் சுரந்து மேக்ரோபேஜை முடுக்கிவிடுகின்றன. பல கிருமிகள் மடிகின்றன. மிஞ்சியவற்றைச் சுற்றிச் செல்கள் திரண்டு, கிரானுலோமா என்ற முடிச்சாகச் சுவர் எழுப்புகின்றன. அதற்குள் கிருமி பல ஆண்டுகள் உறங்கலாம்.

தொற்று உள்ளவர்களில் 5 முதல் 10 சதவீதத்தினருக்கே வாழ்நாளில் நோய் வெளிப்படுகிறது. எச்.ஐ.வி., சர்க்கரை நோய், ஊட்டச்சத்துக் குறைவு ஆகியவை அந்த ஆபத்தைக் கூட்டுகின்றன.

வழக்கமான சிகிச்சை 6 மாதம் நீள்வதற்கும் இந்த மந்தமான, உறங்கும் கிருமிகளே முக்கியக் காரணம். இருமல் நின்றுவிட்டது என்று மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள்.