துண்டுத்துணிப் போர்வை

துண்டுத்துணிப் போர்வை என்பது தையற்கடையில் மிஞ்சும் வெட்டுத்துணிகளையும், பழைய பருத்தி ஆடைகளில் நைந்துபோகாத பகுதிகளையும் சதுரங்களாக வெட்டி, ஒன்றோடொன்று இணைத்து, அடியில் வேறு துணி அடுக்குகளை வைத்துத் தைக்கப்படும் போர்வையாகும். ஆங்கிலத்தில் இதைக் 'குவில்ட்' என்பர். பல நாடுகளில் இவ்வகைப் போர்வைகளைத் தைத்து, தேவைப்படுவோருக்கு நன்கொடையாக அளிக்கும் வழக்கம் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது கனடா நாட்டுப் பெண்கள் தைத்த போர்வைகள் செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியாக இங்கிலாந்து மக்களுக்குச் சென்றன. அமெரிக்காவில் 1995-இல் தொடங்கிய 'புராஜெக்ட் லைனஸ்' அமைப்பு நோயுற்ற குழந்தைகளுக்குப் போர்வைகள் வழங்குகிறது.

பெயரும் மரபும்

கிழிந்த துணியைக் குறிக்கும் 'கந்தை' என்ற தமிழ்ச் சொல்லும், பழைய புடவைகளை அடுக்கித் தைக்கும் வங்காளத்துக் 'காந்தா'வும் 'கந்தா' என்ற வடசொல்லோடு தொடர்புடையவை. இதே வேலையைப் பீகாரில் சுஜனி என்றும் மகாராட்டிரத்தில் கோதடி என்றும் கூறுவர். கர்நாடகத்தில் வாழும் ஆப்பிரிக்க வழிவந்த சித்தி மக்கள் தைப்பது கவந்தி.

பௌத்தத் துறவியரின் ஆடையும் துண்டுகளை இணைத்துத் தைத்ததே. மகத நாட்டு நெல்வயல்கள் வரப்புகளால் பிரிந்து கிடப்பதைக் காட்டி, அந்த அமைப்பிலேயே துறவாடையைத் தைக்க முடியுமா என்று புத்தர் ஆனந்தரிடம் கேட்டதாக விநய பிடகம் கூறுகிறது. வயலையும் வரப்பையும் பார்த்து வளரும் டெல்டா மாணவர்களுக்கு இந்த அமைப்பைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

தஞ்சைப் பகுதியில் துணித்துண்டு வேலை புதியதன்று. கோயில் தேர்களில் தொங்கும் தொம்பைகள் வண்ணத் துணிகளை வெட்டி ஒட்டித் தைக்கப்படுபவை. பிறந்த குழந்தைக்குத் தூளி கட்டவும், கீழே விரிக்கவும் பாட்டியின் பழைய நூல்புடவையைத் தேடி எடுப்பதும் இங்குள்ள வழக்கமே. பலமுறை துவைத்த பருத்தி, புதுத்துணியைவிட மென்மையானது.

2004 தந்த பாடம்

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபோது தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் இறந்தனர். அவர்களில் 6,000-க்கும் மேற்பட்டோர் நாகப்பட்டினம் மாவட்டத்தினர். நாடெங்கிலுமிருந்து உதவி வந்தது. அதோடு லாரி லாரியாகப் பழைய துணிகளும் வந்தன. கிழிந்தவை, துவைக்காதவை, அப்பகுதி மக்கள் உடுத்தாதவை என எல்லாம் கலந்திருந்தன. உழைத்து வாழ்ந்த மீனவக் குடும்பங்கள் பிறர் கழித்துப் போட்டதை வாங்க விரும்பவில்லை. துணிகள் சாலையோரங்களில் குவிந்து கிடந்தன. பின்னர் கூஞ்ச் என்ற தொண்டு நிறுவனம் அத்துணிகளைப் பெற்றுத் தரம் பிரித்துப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. 1999-இல் அன்ஷு குப்தா தொடங்கிய இந்நிறுவனம், உடுத்த முடியாத துணிகளைச் சுஜனி விரிப்புகளாகத் தைக்கும் வேலையையும் செய்கிறது.

அதே பேரிடருக்குப் பிறகு, டெல்டாவுக்கு வடக்கே ஆரோவில்லில் இதற்கு நேர்மாறான ஒன்று நடந்தது. உமா பிரஜாபதியின் உபாசனா நிறுவனம் கடலோரப் பெண்களுக்கு, வீணாகும் துணித்துண்டுகளைக் கொண்டு சுனாமிகா என்னும் விரல் நீளச் சிறு பொம்மையைச் செய்யக் கற்றுக்கொடுத்தது. பொம்மை விற்கப்படுவதில்லை; பரிசாகவே கொடுக்கப்படுகிறது. செய்யும் பெண்களுக்கான ஊதியம் நன்கொடையிலிருந்து வருகிறது.

இரண்டிலும் பொருள் பிறருக்கு வேண்டாத துணிதான். ஒன்றை மக்கள் ஒதுக்கினர். மற்றொன்றை விரும்பி வாங்கிக்கொண்டனர். பெறுபவருக்காக ஒருவர் உட்கார்ந்து செய்த வேலை அதில் தெரிந்ததே வேறுபாடு. துண்டுத்துணிப் போர்வையை நன்கொடைக்குத் தைப்பவர் நினைவில் வைக்க வேண்டியது இதுவே.

துணியைத் தேர்ந்தெடுத்தல்

பருத்தித் துணி மட்டுமே ஏற்றது. ஐயமிருந்தால் பெரியவர் ஒருவர் அருகில் இருக்க, ஓர் இழையை எரித்துப் பார்க்கலாம். பருத்தி, காகிதம் எரியும் மணத்துடன் எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி மணிபோலத் திரளும். ஒளியில் பிடித்தால் இழை விலகித் தெரியும் நைந்த துணியை ஒதுக்கிவிட வேண்டும். எல்லாத் துண்டுகளையும் முதலில் துவைத்து உலர்த்துவது கட்டாயம். சுருங்குவதும் சாயம் போவதும் அப்போதே தெரிந்துவிடும். ஜரிகை, ஜமிக்கி, பொத்தான் ஆகியவற்றை நீக்கிவிட வேண்டும்.

செய்முறை

1. அட்டையில் 6½ அங்குலச் சதுர அளவு வெட்டிக்கொண்டு, அதை வைத்து 36 துண்டுகள் வெட்டவும். துணியின் பாவுநூலுக்கு நேராக வெட்டினால் இழுபடாது.

2. 18 அடர்நிறத் துண்டுகளையும் 18 வெளிர்நிறத் துண்டுகளையும் தரையில் சதுரங்கப் பலகைபோல மாற்றி மாற்றி அடுக்கவும். துண்டுகள் எவ்வளவு வேறுபட்டிருந்தாலும் இந்த ஒழுங்கு அவற்றைச் சேர்த்துக் காட்டும். மஞ்சள், கிளிப்பச்சை போன்ற நிறங்கள் அங்கங்கே வந்தால் போர்வை களையாக இருக்கும்.

3. ஓரத்தில் கால் அங்குலம் விட்டு, வரிசை வரிசையாகத் தைக்கவும். பின் வரிசைகளை இணைத்து இஸ்திரி போடவும். 36½ அங்குலச் சதுரம் கிடைக்கும்.

4. அடியில் பழைய நூல்புடவையையும், நடுவில் ஒன்றிரண்டு அடுக்கு பழைய வேட்டியையும் விரித்து, மேலே இணைத்த துணியை வைக்கவும். அடுக்குகள் நகராதபடி பெரிய தையல்களைத் தற்காலிகமாகப் போடவும்.

5. நடுவிலிருந்து ஓரம் நோக்கி, மூன்று விரல் இடைவெளியில் நேர்கோடுகளாக ஓட்டத் தையல் போடவும். பிறகு தற்காலிகத் தையலைப் பிரித்துவிட்டு, ஓரங்களுக்கு 2 அங்குலப் பட்டை வைத்து மடித்துத் தைக்கவும்.

நடுவில் பஞ்சு வைக்கத் தேவையில்லை. டெல்டாவில் கடுங்குளிர் கிடையாது; மார்கழிப் பனிக்கும் ஐப்பசி, கார்த்திகை மழைக்கும் துணி அடுக்கே போதும். பஞ்சு துவைத்தால் திரளும், அடைமழையில் உலராது. பெரிய குழந்தைக்கு 36-க்கு 54 அங்குலம் (54 துண்டுகள்), பெரியவருக்கு 60-க்கு 90 அங்குலம் (150 துண்டுகள்) வேண்டும்.

கொடுக்கும் முறை

மருத்துவமனை, குழந்தைகள் இல்லம், முதியோர் இல்லம் எதுவானாலும், என்ன அளவு தேவை, கையால் தைத்தவற்றை ஏற்பார்களா என்று முதலில் கேட்க வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல் போன்ற நேரங்களில் ஈரத் தரையில் பாய் விரித்துப் படுக்கும் குடும்பங்களுக்கு, எளிதில் உலரும் பெரிய போர்வையே உதவும். ஓர் ஆண்டு நிறையாத குழந்தை உறங்கும்போது தளர்வான போர்வையைப் போர்த்தக் கூடாது. விழித்திருக்கும்போது கீழே விரித்து விளையாட விடலாம். துவைத்து, வெயிலில் உலர்த்தி, மடித்துக் கொடுப்பது மரியாதை. வாங்குபவரை நிறுத்திப் படம் எடுப்பதைத் தவிர்க்க வேண்டும்.

பள்ளியில்

36 பேர் உள்ள வகுப்பில் ஆளுக்கு ஒரு துண்டு கொண்டுவந்தால் ஒரு குழந்தைப் போர்வை ஆகிவிடும். அளத்தல், பரப்பளவு, இழை வகை, தையல் ஆகிய நான்கையும் ஒரே வேலையில் கற்கலாம். தைத்து முடித்ததும் ஒவ்வொரு மாணவரும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளட்டும்: இதை என் வீட்டுக் குழந்தைக்கு விரிப்பேனா? இல்லை என்றால், தையலைப் பிரித்துத் திருத்திய பிறகே கொடுக்க வேண்டும்.