வாட் கூடினால் சத்தம் கூடுமா? கிட்டார் ஸ்பீக்கரும் நம் காதும்

பள்ளிக் கலைநிகழ்ச்சிகளில் இப்போதெல்லாம் மிருதங்கம், வயலினோடு எலெக்ட்ரிக் கிட்டாரும் மேடை ஏறிவிடுகிறது. கிட்டார் எடுபடவில்லை என்றால் மாணவர்கள் உடனே சொல்வது, "சார், பெரிய வாட் ஆம்ப் வாங்கிடலாம்!" காசு கொடுக்கும் முன் ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போமே.

வாட் என்பது ஆம்ப் தரும் மின்திறன். அதை ஒலியாக மாற்றுவது ஸ்பீக்கர். 1 வாட் கொடுத்து, 1 மீட்டர் தள்ளி அளக்கும்போது எத்தனை டெசிபெல் வருகிறதோ, அதுதான் ஸ்பீக்கரின் உணர்திறன். சிம் லிம் டவர் பக்கம் ஸ்பீக்கர் வாங்கப் போனால் இந்த எண்ணைக் கேளுங்கள். ஸ்பீக்கர் மேல் எழுதியிருக்கும் வாட், அது தாங்கக்கூடிய அளவு மட்டுமே. சத்தத்தின் அளவு அல்ல. செலஷன் நிறுவனத்தின் 'வின்டேஜ் 30' 60 வாட் தாங்கும். பெயரில் உள்ள 30-ஐ நம்பினால் அவ்ளோதான்!

மின்திறன் இரு மடங்கானால் 3 டெசிபெல்தான் கூடும். பத்து மடங்கானால் 10 டெசிபெல். கூடுதல் கணிதத்தில் மடக்கை படிப்பவர்களுக்கு இது தெரிந்த கதைதான். ஆனால் காதுக்கு 'ரெண்டு மடங்கு சத்தம்' என்று தோன்றவே ஏறக்குறைய 10 டெசிபெல் வேண்டும்.

இப்போது பாருங்கள்: 94 டெசிபெல் ஸ்பீக்கரில் 30 வாட் கொடுத்தால் 94 + 14.8 = 108.8 டெசிபெல். 100 டெசிபெல் ஸ்பீக்கரில் 10 வாட் கொடுத்தால் 100 + 10 = 110. மூன்றில் ஒரு பங்கு வாட்தான், ஆனாலும் ஒரு இழை முந்திவிடுகிறது.

கதை இதோடு முடியவில்லை. ஒரே டெசிபெல் எண் உள்ள இரண்டு ஸ்பீக்கர்களில் ஒன்று மட்டும் ஓங்கிக் கேட்கும். அந்த எண் ஒரு சராசரிதான். எந்த அதிர்வெண்ணில் தூக்கலாக ஒலிக்கிறது என்பதை அது சொல்வதில்லை. நம் காது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை மிகக் கூர்மையானது. தாழ்ந்த ஒலிகளில் மந்தம். 1933-இல் ஃபிளெட்சரும் மன்சனும் இதை வளைகோடுகளாக வரைந்து காட்டினார்கள். 'ஏ' அளவுகோலில் வேலை செய்யும் ஒலிமானி 100 ஹெர்ட்ஸில் சுமார் 19 டெசிபெல்லைக் கழித்துவிடுவதும் இதனால்தான். கிட்டாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸ்! சிராங்கூன் ரோடு இரைச்சலையும் மீறி நாதஸ்வரம் கேட்பதற்கு அதன் வலுவான மேல்சுரங்கள் இந்தக் கூர்மையான பகுதியில் விழுவதும் ஒரு காரணம்.

ஆனால் இதில் ஒரு சிக்கல். 'ச', 'ட', 'க' போன்ற மெய்யொலிகளைப் பிரித்தறியவும் இதே பகுதிதான் காதுக்கு உதவுகிறது. அங்கே தூக்கலான ஸ்பீக்கரை முடுக்கிவிட்டால் கிட்டார் ஜோராகக் கேட்கும், பாடுபவரின் தமிழ்தான் தெளிவாகக் கேட்காது. பாட்டு நிகழ்ச்சிக்கு மென்மையான ஸ்பீக்கரே மேல் என்பது என் கருத்து. இன்னொன்று, உயர்ந்த ஒலிகள் நேர்கோட்டில் பாயும். ஆம்பைத் தரையில் வைத்தால் அந்தக் கூர்மை வாசிப்பவரின் முழங்காலைத் தாண்டி முதல் வரிசைக்குப் போய்விடும். அவரோ கேட்கவில்லை என்று இன்னும் திருகுவார். ஆம்பை ஒரு நாற்காலியில் ஏற்றி அவர் காதை நோக்கிச் சாய்த்து வையுங்கள்.

மாணவர்களுக்கு: 97 டெசிபெல் ஸ்பீக்கரில் 20 வாட் தரும் ஒலியை 100 டெசிபெல் ஸ்பீக்கரில் பெற எத்தனை வாட் வேண்டும்? (விடை: சுமார் 10 வாட்)